கிரேக்க ஒயின்: ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: குடும்பத்தோடு ஏதென்ஸ், சான்டோரினி போகிறோம். அங்குள்ள திராட்சைப் பெயர்கள் எதுவும் வாயில் நுழையவில்லை. எனக்குப் பழக்கமானவை ஷார்டொனேயும் மெர்லோவும்தான். அவற்றையே கேட்டு வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் அங்கே கிடைக்கும். ஆனால் அவற்றைக் குடிக்க கிரீஸ் வரை போக வேண்டியதில்லை. திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்யவும் வேண்டாம், லேபிளில் ஊர்ப் பெயரைப் பாருங்கள். 'பி.டி.ஓ.' (பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) என்ற முத்திரையோடு ஊர்ப் பெயர் இருந்தால், அந்த ஊருக்கு விதிக்கப்பட்ட திராட்சைதான் உள்ளே இருக்க வேண்டும் என்பது சட்டம். நான்கு ஊர்கள் தெரிந்தால் போதும்.

சான்டோரினி என்றால் பெரும்பகுதி அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண், அரிதான மழை, ஓயாத காற்று. அதனால் கொடிகளைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு தரையாகக் கூடைபோல் சுற்றி வளைக்கிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள், காற்றும் வெயிலும் நேராகப் படாமல் பழுக்கின்றன. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் வேரைத் தாக்கி அழித்த ஃபிலாக்சரா பூச்சியால் இந்த மண்ணில் பரவ முடியவில்லை. எனவே ஒட்டுக் கட்டாத, சொந்த வேரில் நிற்கும் மிகப் பழைய கொடிகள் அங்கே உண்டு. எவ்வளவு வெயில் அடித்தாலும் அசிர்டிகோவின் புளிப்பு குறையாது. ஷார்டொனேயின் வெண்ணெய் மணத்தை எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சையும் லேசான உப்புக் கரிப்பும்தான் நாக்கில் நிற்கும். சுட்ட மீன், கணவாய் என்றால் வேறு எதையும் தேடாதீர்கள். விளைச்சல் குறைவு என்பதால் விலை அதிகம். கையைக் கடித்தால் கிரீஸின் பிற பகுதிகளில் விளைந்த அசிர்டிகோவைக் கேளுங்கள். கூர்மை சற்றுக் குறையும், நல்ல ஒயின்தான்.

மெர்லோ பிடித்தவர் நீங்கள், அதனால் சிவப்பு ஒயினில் நெமெயாவில் தொடங்குங்கள். தெற்கே பெலோபொனீஸ் தீபகற்பத்தில் உள்ள அந்த ஊரின் திராட்சை அகியோர்கிட்டிகோ. செர்ரிப் பழச் சுவை, மென்மையான துவர்ப்பு. முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

என் மனம் கவர்ந்தது வடக்கே நவுசாவில் விளையும் க்சினோமாவ்ரோ, இதுவும் சிவப்புதான். நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து லேசான ஒயின் என்று ஏமாந்துவிடாதீர்கள். துவர்ப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். தக்காளி, ஆலிவ், காய்ந்த மூலிகை மணம் வரும். புதிதாக வந்ததை வெறும் வயிற்றில் குடித்தால் முகம் சுளிப்பீர்கள். ஐந்தாறு வருடம் ஆனதாகக் கேட்டு, ஒரு மணி நேரம் முன்பே திறக்கச் சொல்லி, ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள்.

நான்காவது மாந்தினியா. அதே பெலோபொனீஸின் ஆர்க்காடியா பீடபூமியில் விளையும் மோஸ்கோஃபிலெரோ, ரோஜா மணக்கும் வெள்ளை ஒயின். ஆல்கஹால் குறைவு, மதியத்துக்கு ஏற்றது.

ரெட்சினாவைப் பலர் ஒதுக்குவார்கள். பைன் மரப் பிசின் சேர்த்துப் புளிக்க வைத்தது அது. மலிவு ரெட்சினாவில் பிசின் வாடைதான் முன்னால் வரும். நல்ல தயாரிப்பாளரின் பாட்டிலைச் சில்லென்று, பூண்டு மணக்கும் சிறு பண்டங்களோடு கேளுங்கள்.

சிறு உணவகங்களில் பீப்பாய் ஒயினை உலோகக் குவளையில் தருவார்கள். கணக்கு லிட்டரில் இல்லை, கிலோவில். முதலில் கால் கிலோ மட்டும் வாங்குங்கள். தரம் கடைக்குக் கடை மாறும்.