சங்கத்தின் மூக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் ராமேஸ்வரம் தீவில், மீன்பிடி ஊரான தங்கச்சிமடத்துப் பெண். கல்யாணமாகிப் பெரம்பூரில், நாலு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அம்மா மாதம் ஒருமுறை பஸ்ஸில் கருவாடு போட்டுவிடுவார். போன ஞாயிறு சீலாக் கருவாட்டைப் பொரித்துக் குழம்பு வைத்தேன். சாயங்காலமே குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப்பில், ‘கடும் நாற்றம் தரும் சமையலைத் தவிர்க்கவும்’ என்று செய்தி. பேர் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ‘இனிமே அனுப்ப வேணாம்னு உங்கம்மாட்ட சொல்லிரு’ என்கிறார் கணவர். அதை எந்த வாயால் சொல்ல? நம் வீட்டில் நம் சாப்பாட்டைச் சமைக்க உரிமை இல்லையா?

பி.கு.: இந்தத் தடவை பிளாஸ்டிக் பையைப் பிரிக்கும்போதே மூக்கைக் குத்தியது. துண்டுகளின் ஓரம் ரோஸ் நிறமாக இருந்தது. முழங்கால் வலியால் அம்மா இப்போது கருவாடு போடுவதில்லை, வாங்கித்தான் அனுப்புகிறார்.

– ம.

அன்புள்ள ம.,

உரிமை இருக்கிறது. சங்கத்துச் செயலாளர் உங்கள் அடுப்புக்குச் செயலாளர் இல்லை. அந்தப் பேச்சு அதோடு போகட்டும். எனக்கு உங்கள் பின்குறிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. ரோஸ் படிந்த சீலாவைப் பொரித்து வீட்டில் எல்லாருக்கும் போட்டீர்களா? தங்கச்சிமடத்தில் பிறந்துவிட்டு இதைச் செய்யலாமா? அன்றைக்குச் சங்கத்தின் மூக்கு உங்கள் மூக்கைவிட ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

அந்த ரோஸ் நிறம் உப்பிலேயே வாழும் ஒரு நுண்ணுயிர். உப்பளத்து உப்போடு வருவது. கருவாடு காய்ந்திருக்கும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஈரம் கிடைத்தால் பெருகிவிடும். அரைகுறையாகக் காய்ந்த துண்டை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸின் வயிற்றுக்குள் போட்டால் பை உள்ளே வியர்க்கும். அதற்கு வேறென்ன வேண்டும்? சீலா கெட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளும் சேரலாம். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மிச்சம் இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

கருவாடு என்றாலே நாறும் என்று ஊரே நம்புகிறது, கருவாடு தின்பவர்கள் உட்பட. எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான். நல்ல கருவாட்டுக்கு ஒரு வாசம் உண்டு, அடுப்படியோடு நின்றுவிடும். மூன்றாம் மாடிவரை ஏறும் நாற்றம் போட்டவர் கைப்பிழை. கடல்மீனின் சதையில் இருக்கும் ஒரு பொருளை பாக்டீரியா டிரைமெத்திலமினாக மாற்றும்போது எழுவது அது. காலையில் கரைக்கு வந்த மீன், விற்காமல் வெயிலில் கிடந்து, சாயங்காலம் ‘சரி, கருவாடாவது போடுவோம்’ என்று உப்புக்குப் போகிறதே, அங்கேயே பாதி கெட்டது. அதற்கப்புறம் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் கெட்டதைத்தான் காப்பாற்றுகிறோம்.

சீலா மாதிரிச் சதைப்பற்றுள்ள மீனுக்குச் செவுளையும் குடலையும் எடுத்து, முதுகுப்பக்கம் கீறி, புத்தகம் மாதிரி விரிக்க வேண்டும். தண்டெலும்பை ஒட்டி ஒரு ரத்தக்கோடு ஓடும். அதை நகத்தால் சுரண்டிக் கழுவ வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தடித்த சதையில் இரண்டு கீறல். 3 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு. தூளுப்பு ஆகாது. அது மேல்சதையைச் சட்டென்று இறுக்கிவிடும், உள்ளே உப்பு இறங்காது. வாலிநோக்கம் உப்பளத்து உப்பே ஆனாலும் அள்ளிய சூட்டில் போடக்கூடாது. சில மாதம் குவித்துக் கிடந்தால் கசப்பு நீர் வடியும், ரோஸ் நுண்ணுயிரும் குறையும். தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஊறும் நீருக்குள் மீன் முழுக முழுக ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கட்டும். முங்காமல் வெளியே நிற்கும் துண்டுதான் முதலில் கெடும்.

காயப்போடுவதில் அவசரம் கூடாது. முதல் நாளே உச்சிவெயிலில் போட்டால் மேல்தோல் ஓடு மாதிரி இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பத்து நாளில் வேலையைக் காட்டும். உங்களுக்கு வந்தது இந்த ரகமாகத்தான் இருக்கும். மணலில் பரப்புவதும் வேண்டாம். இடுப்புயரத்தில் வலை கட்டிப் போட்டால் கீழிருந்தும் காற்று ஏறும். இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், ராத்திரி மூட வேண்டும். தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் இன்னும் ஈரம். (ஓலைப்பாயில் சுற்றி மண்ணில் புதைத்துப் பதமாக்குவார்களே, அந்த ஈரக்கருவாடு அலாதி. ஆனால் அதைப் பெரம்பூருக்கு வரவழைத்தால் நான் சங்கத்தின் பக்கம்.)

சமையலில் உங்கள் தப்பும் இருக்கிறது. ஏன் பொரித்தீர்கள்? சூடான எண்ணெய் வாடையைக் கிளப்பிக் காற்றில் விடும். புளி அதைக் கட்டும். 100 கிராம் கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, அரிசி கழுநீரில் இரண்டு முறை அலசுங்கள். நெல்லிக்காய் அளவு புளி, கத்தரிக்காய், நம்மூர் முண்டு மிளகாய். அதற்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் பாக்கெட் தூளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். குழம்பு நன்றாகக் கொதித்து, காய் வெந்த பிறகு கருவாட்டைப் போட்டு, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம். உப்பு கடைசியில், ருசி பார்த்து.

அம்மா விஷயம். ‘அனுப்பாதீங்க’ என்று சொல்லவே வேண்டாம். ‘நீங்க போட்ட மாதிரி இல்லம்மா, ஓரமெல்லாம் ரோஸா இருந்துச்சு’ என்று மட்டும் சொல்லுங்கள். முழங்கால் வலியை மறந்து விற்றவரிடம் சண்டைக்குப் போய்விடுவார், அதையும் தடுத்துவையுங்கள். இனி வலையில் காயப்போடுபவரிடம் போய், விரலால் அழுத்திப் பார்த்து வாங்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது பழைய சரக்கைக் கலந்து விற்பவர்களும் உண்டு, பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலே கிடையாது, அப்போது புதுக்கருவாடு என்று யார் சொன்னாலும் வேண்டாம். புரட்டாசிக்குள் வாங்கி வைத்துவிடலாம். தாளில் சுற்றி ஓலைப்பெட்டியில் வரட்டும். வந்ததும் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் வெயில் காட்டி, கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள்.

சீலாவைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்து, காரலும் நெத்திலியும் கேளுங்கள். மெல்லிய மீன், சீக்கிரம் காயும், போட்டவர் தப்புப் பண்ணவும் இடம் குறைவு. காரலுக்காகச் சங்கம் கூட்டம் போட்டால் எனக்கு எழுதுங்கள்.