எங்கள் தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய காசு தேடலாமா? கிடைத்தால் நமக்குச் சொந்தமா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

சொந்தத் தோட்டமே என்றாலும் கிடைத்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. வேறு யாரும் உரிமை கோராவிட்டால் எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இரண்டும் நீங்களே என்றால் முழுதும் உங்களுக்கு. அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால் அந்த உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். நிறையப் பேர் நினைப்பதுபோல் பிடுங்கிக்கொண்டு போவதற்கான சட்டம் அல்ல இது.

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அது நொய்யல் கரையில், தொல்லியல் அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் பக்கம். சொட்டுநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி விட்டபோது ஒரு சின்னக் கலயம் உடைந்தது. உள்ளே காசெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பச்சைக் களிம்பேறி ஒரே கட்டியாக இருந்தது. அப்பா அங்கேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துருமுங் மாமா" என்றார் ஒரு சொந்தக்காரர். அப்பா தொடவிடவில்லை. மேலாக உதிர்ந்து கிடந்த ஒரு காசை மட்டும் நான் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்து: ராஜராஜன் பெயர் போட்ட செப்புக்காசு. விஏஓவிடம் சொல்லி, தாசில்தார் வந்து, என்ன கிடைத்தது என்று சாட்சிகளோடு மகஜர் எழுதி எடுத்துப் போனார்கள். "கெடைச்சத யாராச்சும் கொண்டுபோய்க் குடுப்பாங்களா" என்று ஊரில் பேசினார்கள். அப்பா செய்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பேப்பரில் செய்தி வந்ததுதான் தாமதம், மெஷினோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கிடைப்பதில் பாதி தருவதாகப் பேச்சு. வாய்க்கால் ஓரம் வைத்துக் காட்டினார்கள், கத்தியது. தோண்டினால் தேய்ந்துபோன மாட்டு லாடம் ஒன்று, பக்கத்திலேயே பாட்டில் மூடி. அப்பா சொன்னது இவ்வளவுதான்: "வேண்டாமுங்க தம்பி. எடுக்கறத நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க, குழி எங்களுக்கா?" அவர்கள் தள்ளியிருந்த இன்னொரு தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பழைய கல்வட்டம், அதாவது சுற்றிலும் கல் நட்ட பழங்காலப் புதைகுழி, இருந்தது. ஒரு ராத்திரியில் அதன் நடுவே ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி. மேலே வாரிக் கொட்டின மண்ணில் கருப்பு சிவப்பு ஓடுகளும் பாதியாக உடைந்த சூதுபவள (சிவப்புக் கல்) மணியும் கிடந்தன. மெஷின் கத்தினதை எடுத்துக்கொண்டு மற்றதை மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொடுமணலுக்குப் பெயர் வந்தது காசால் அல்ல. தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் ஆட்களின் பெயர் கீறின பானை ஓடுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஓட்டுக்கும் மணிக்கும் எந்த மெஷினும் கத்தாது. காசுமே எந்த அடுக்கில், எந்த ஓட்டோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் காலம் சொல்ல முடியும். பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் செம்பு.

"இங்கிலாந்தில் எல்லோரும் செய்கிறார்களே" என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். அங்கே 1992இல் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவருக்கு ரோமானியப் புதையல் சிக்கியது. கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மிச்சத்தைத் தொல்லியல்காரர்கள் வந்து மண்ணோடு பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். பரிசாக வந்த 17.5 லட்சம் பவுண்டை அவர் விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். அங்கே நடப்பதைச் சொல்கிறவர்கள் இந்த நிறுத்தினதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மூரிலும், கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் எத்தனை முறை ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது!

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. காசு திருடுகிறவனைப் பற்றிப் பேசுகிறோம், இந்த மண்ணையே கெடுத்தவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பாசனத்துக்கென்று 1992இல் நொய்யலில் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேங்கவிட்டார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்குள் எங்கள் கிணறு உப்பாகி, தென்னை முழுக்கக் காய்ந்துவிட்டது. உப்பேறின மண்ணில் செப்புக்காசும் அரித்துப் பொடியாகும். அதற்கு எந்த மகஜரும் கிடையாது.

"கொடுத்தால் அலமாரியில் தூங்கும்" என்கிறவர்களுக்கு: தூங்கட்டும், எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு இருக்கும். வியாபாரி கையில் அதுவும் இருக்காது.

உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. நொய்யல், அமராவதிக் கரை என்றால் மெஷின் தேவையே இல்லை. உழவு ஓட்டி முதல் மழை பெய்த பிறகு கீழே பார்த்து நடங்கள். எதாவது தென்பட்டால் கிடந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள், கழுவாதீர்கள், விஏஓவிடம் சொல்லி, கலெக்டருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஓட்டில் கீறல் மாதிரி எதாவது இருந்தால் அதையும் கட்டாயம் காட்டுங்கள்.