தூக்கினால் குழந்தை கெட்டுப்போகுமா?

*குழந்தை மனம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்*

என் மகளுக்கு 14 மாதம். நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால் பகலில் காப்பகத்தில் விடுகிறேன். காலையில் அழுகிறாள், அது புரிகிறது. மாலையில் என்னைப் பார்த்ததும் மறுபடி அழுகிறாளே, ஏன்? அங்கே இன்னொரு பையன், அம்மா வந்தால்கூடத் தலை நிமிராமல் விளையாடுகிறான். 'அவன் எவ்வளவு சமர்த்து' என்கிறார்கள். என் வளர்ப்பில் ஏதாவது கோளாறா?

முதலில் அந்தச் சமர்த்துப் பட்டத்தை ஓரமாக வைத்துவிடுவோம்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1960-களில் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களைப் பின்தொடர்ந்தார். குழந்தைகளுக்கு ஒரு வயது ஆனபோது ஓர் அறைக்கு வரவழைத்தார். தரையில் பொம்மைகள், வெளியிலிருந்து மட்டும் பார்க்க முடிகிற ஒரு கண்ணாடி. அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளே வருவார். அம்மா வெளியே போவார், திரும்புவார். மறுபடி போவார், இந்தத் தடவை குழந்தை தனியாக. மொத்தமே இருபது நிமிடம்போலத்தான். பிள்ளை ரொம்ப அழுதால் அந்தக் கட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள்.

இந்தச் சோதனையைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பிரிவில்தான் கண் வைக்கிறார்கள். அழுததா, எவ்வளவு அழுதது என்று. எய்ன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்ததோ அம்மா திரும்பி வந்த நிமிடங்களை. ஒரு குழந்தை கதறிக்கொண்டே வந்து கையை நீட்டும், தோளில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தேறியதும் தானே இறங்கிப் பொம்மையிடம் போகும். பாதுகாப்பான பிணைப்பு என்று அவர் சொன்னது இதைத்தான். இன்னொன்று தூக்கச் சொல்லிக் கை நீட்டும், தூக்கினால் உதைக்கும், இறக்கினால் அலறும். மூன்றாவது ரகம், அம்மா வந்ததே தெரியாத மாதிரி பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் 1977-இல் இந்த மூன்றாவது ரகக் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பற்றி எழுதினார்கள். முகத்தில் சலனம் இல்லை, துடிப்பு மட்டும் ஏறியிருந்தது.

உடனே அந்தப் பையனை எடைபோடக் கிளம்பிவிடாதீர்கள். தினமும் விட்டுப் போய்த் திரும்பி வரும் அம்மாவைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு பெரிய சம்பவமே இல்லாமல் இருக்கலாம். ஜப்பானின் சப்போரோவில் இதே சோதனையைச் செய்தபோது, அம்மாவை விட்டுப் பிரிந்தே பழகாத குழந்தைகள் அறையில் அளவுக்கு மீறிக் கலங்கிப்போனார்கள். அதை வைத்து அவர்களின் பிணைப்பில் குறை என்று சொல்வது சரியா என்று நீண்ட விவாதமே நடந்தது. எய்ன்ஸ்வொர்த்தும் அந்த இருபது நிமிடத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. முதல் வருடம் முழுக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீடுகளுக்கே போய், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம்போல இருந்து குறிப்பெடுத்தது அவருடைய குழு. இந்த உழைப்பை யாரும் பேசுவதில்லை, அறையில் நடந்ததை மட்டும் பேசுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

உங்கள் மகள் மாலையில் அழுவதற்கு வருகிறேன். பகல் முழுக்க அடக்கி வைத்ததை உங்களிடம் கொட்டுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். அழுத பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் தோளில் தேறிவிடுகிறாள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு அவசரமாக வண்டியைப் பார்த்து ஓடாமல், அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவளாக இறங்கட்டும். காலையில் அவள் பார்க்காத நேரத்தில் நழுவிப் போகிற வேலை மட்டும் வேண்டாம். சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் சரி.

காப்பகத்தால்தான் பிணைப்பு கெடுமா என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1991-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில், காப்பகத்தில் விட்டது மட்டுமே பிணைப்பைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. தரமற்ற காப்பகமும், வீட்டில் குழந்தையின் குறிப்பறியாத கவனிப்பும் சேர்ந்தபோதுதான் சிக்கல் கூடியது.

மூன்று மாதக் குழந்தை. அழுதால் உடனே தூக்கிவிடுவேன். 'கை சூடு பழகிவிட்டால் கீழேயே படுக்காது' என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?

பெரியவர்களைக் குறை சொல்வதற்கு முன், இதையே விஞ்ஞானம் என்ற பெயரில் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல் எழுதிய வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அணைக்காதே, முத்தமிடாதே, மடியில் உட்காரவிடாதே, காலையில் கை குலுக்கு என்று எழுதினார். கை குலுக்க வேண்டுமாம்! குழந்தை அம்மாவிடம் ஒட்டிக்கொள்வதே பாலுக்காகத்தான் என்ற எண்ணமும் அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது.

அதை உடைத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹார்லோ. பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பி வலை, இன்னொன்று டவல் துணி சுற்றியது. பால் புட்டியைக் கம்பித் தாயிடம் வைத்தபோதும், குட்டிகள் பசிக்கு அங்கே போய்க் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே திரும்பின. நாளின் பெரும்பகுதி அதன்மேல்தான். மேளம் தட்டும் கரடிப் பொம்மையை விட்டுப் பயமுறுத்தினால், ஓடிப்போய்த் துணியில் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே திரும்பி அந்தக் கரடியை எட்டிப் பார்க்கும். இந்தத் தேய்த்தலும் எட்டிப் பார்த்தலும்தான் எனக்கு அந்தப் பரிசோதனையின் உயிர். 1958-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக அவர் இதைப் பற்றி உரையாற்றினார்.

துணி மட்டும் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்து மற்ற குரங்குகளோடு பழகத் தெரியாமல் தவித்தன. தாயானவற்றில் பல, தம் குட்டிகளைத் துன்புறுத்தின. ஹார்லோ பிற்பாடு குட்டிகளைத் தனிமையில் அடைத்துச் செய்தவை படிக்கவே கூசும். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்கும் என்று தோன்றவில்லை.

சரி, உங்கள் கேள்வி. சில்வியா பெல்லும் எய்ன்ஸ்வொர்த்தும் 1972-இல், ஆரம்ப மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாக அழுதார்கள் என்று எழுதினார்கள். 1991-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் அது அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே, 'தூக்கினால் அழுகை குறையும்' என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக் கெடுத்துவிட முடியாது. தூக்குங்கள். உங்கள் கை வலித்தால் திட்டுகிற பெரியவரிடமே கொடுங்கள்.

எல்லாவற்றிலும் தாய், தாய் என்றே வருகிறதே. அப்பாக்கள் என்ன, பார்வையாளர்களா?

கோபம் நியாயமானது. கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஷாஃபரும் எமர்சனும் 1964-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிணைப்பு ஒருவரோடு நிற்கவில்லை, அப்பாவும் அதில் இருந்தார். அதிக நேரம் கூட இருந்தவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்பதும் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவரிடம் ஒட்டியது.

ஐந்து வயது மகனிடம் சாக்லேட்டைக் கொடுத்து, 'பத்து நிமிடம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று' என்றேன். நான் கதவைத் தாண்டுவதற்குள் தின்றுவிட்டான். எதிர்காலம் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் செய்த மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒரு மிட்டாய்) சோதனையை வீட்டிலேயே நடத்திப் பார்த்திருக்கிறீர்கள். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்ற பேச்சு உலகம் சுற்றியது. 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துவிட்டது.

இன்னும் சுவையானது 2013-இல் செலஸ்ட் கிட் குழு செய்தது. முதலில் சில பிள்ளைகளிடம் நல்ல க்ரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். சிலரிடம் சொன்னபடி கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. ஏமாந்தவர்கள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் பன்னிரண்டு நிமிடம். உங்கள் வீட்டில் 'நாளைக்கு வாங்கித் தருகிறேன்' என்ற வாக்கு எத்தனை தடவை நிறைவேறியிருக்கிறது? மகனிடமே கேளுங்கள், கணக்கு வைத்திருப்பான்.

ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது போன் பார்ப்பேன். அசைவற்ற முகத்தைப் பார்த்துக் குழந்தை கலங்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்தது அது. கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா, சொன்னபடி முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். குழந்தை சிரிக்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வகுப்பில் இதைப் போட்டுக்காட்டினால் அந்த இரண்டு நிமிடம் மாணவர்களாலேயே உட்கார முடியாது.

ஆனால் அதே ட்ரோனிக் இன்னொன்றும் கண்டார். சாதாரணமாகக் கொஞ்சி விளையாடும்போதே அம்மாவும் குழந்தையும் ஒத்திசைந்திருப்பது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் விட்டுப்போவதும் மறுபடி பிடித்துக்கொள்வதும். இதையும் தெரிந்துகொண்டு தூங்குங்கள். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் போனை அடுத்த அறையில் வையுங்கள், நாள் முழுக்க வேண்டாம்.