ஐலண்ட் வைக்கலாமா? முதலில் டேப்பை எடுங்கள்

சமையலறையை மாற்றிக் கட்டுவது பற்றித்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. அதிலும் பாதிப் பேருக்கு நடுவில் ஒரு ஐலண்ட் வேண்டும், அதாவது சுவரை ஒட்டாமல் தனியாக நிற்கும் மேடை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, ஊரை மட்டும் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது தனி வீடு, கட்டி இருபது வருடம் ஆகிறது. சமையலறை 10க்கு 12 அடி, எல் வடிவ மேடை. நடுவில் ஐலண்ட் வைத்து அதிலேயே அடுப்பைப் பொருத்த வேண்டும், ஹாலில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம் என்று மகள் ஆசைப்படுகிறாள். என் கணவர் இடம் பத்தாது என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, திருச்சி)

கணவர் சொல்வதுதான் சரி. ஆனால் மகளை மறுத்துப் பேசுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து அவள் கையிலேயே கொடுங்கள், கணக்கை அவளே போடட்டும்.

சுவரை ஒட்டிய மேடை 2 அடி ஆழம். மேடைக்கும் ஐலண்டுக்கும் நடுவே நடக்க, குனிய, இழுப்பறையைத் திறக்க மூன்றரை அடி வேண்டும். ஒரே ஆள் புழங்கும் சமையலறை என்றால் 3 அடியில் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போகவே கூடாது. ஐலண்டுக்கு இரண்டரை அடி அகலமாவது இருந்தால்தான் அது உபயோகப்படும். அந்தப் பக்கம் நடக்க இன்னொரு 3 அடி. கூட்டினால் 11 அடி. உங்களிடம் இருப்பது 10. எல்லாவற்றையும் சுருக்கிப் பார்த்தால் 4க்கு 2 அடியில் ஒரு ஐலண்ட் இடுக்கி உட்காரும், சுற்றிலும் 3 அடி வழி கிடைக்கும், காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். அப்புறம் ஃப்ரிட்ஜை எங்கே வைப்பீர்கள்? மேடை இல்லாத சுவரில் ஃப்ரிட்ஜை நிறுத்தியதும் அந்த 3 அடி வழி ஓர் அடிக்குக் கீழே போய்விடும், கதவைத் திறக்கக்கூட வழியிருக்காது.

நம்பவில்லை என்றால், ஐலண்ட் வரப்போகும் இடத்தில் வீட்டில் இருக்கிற ஒரு மேசையை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். கொதிக்கிற குக்கரைத் தூக்கிக்கொண்டு சிங்க் பக்கம் திரும்பும்போது இடுப்பில் இடிக்கிறதா, ஒருவர் மாவு பிசைய இன்னொருவர் பின்னால் போக முடிகிறதா என்பதெல்லாம் முப்பரிமாணப் படத்தில் தெரியாது.

அடுப்பை ஐலண்டில் வைப்பது, இடம் தாராளமாக இருக்கிற வீட்டுக்கும் நான் சிபாரிசு செய்யாத விஷயம். நம் சமையலில் தாளிக்காத நாள் உண்டா? கடுகு வெடித்துத் தெறிக்கும்போது தடுக்க அங்கே சுவர் இல்லை, எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் மேல்தான் விழும். சிம்னியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும், அதன் புகைக்குழாய் மேலே குறுக்கே ஓடி வெளிச்சுவர் வரை போக வேண்டும், குழாய் நீள நீள, வளைய வளைய இழுவை குறையும். இதையெல்லாம் விட முக்கியம் காஸ். சிலிண்டருக்குப் போடும் ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஐலண்ட் வரை கொண்டுபோக வேண்டுமானால் தரையைப் போடும்போதே செப்புக் குழாய்க்கு வழி செய்ய வேண்டும். ஐலண்டுக்குள்ளேயே சிலிண்டரை ஒளித்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவு செய்து கேட்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேயே தேங்கும், நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் அது தேங்கி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

மகளின் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் சுவரில் பாதியை மேடை உயரத்துக்கு இறக்கிவிட்டு, இப்போதைய மேடையையே அந்தப் பக்கம் நீட்டிவிடலாம். மூன்று பக்கம் திறந்து, ஒரு பக்கம் ஒட்டி நிற்கும். காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க, எதிரே இரண்டு ஸ்டூல் போட்டுப் பேச எல்லாம் சரியாக வரும். அடுப்பு பழையபடி சுவர் ஓரமே இருக்கட்டும். ஆனால் உங்களுடையது பழைய தனி வீடு. அந்தச் சுவர் ஒன்பது இஞ்ச் என்றால் மேல் தளத்தின் பாரம் அதன் மேல் இருக்க வாய்ப்பு அதிகம். இன்டீரியர்காரர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வதை வைத்து உடைக்காமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை வரவழைத்துக் காட்டிவிடுங்கள். நீட்டும் மேடையில் மிக்ஸிக்கு ஒரு ப்ளக் பாயின்ட் வேண்டும் என்பதையும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். இண்டக்‌ஷன், ஓவன் மாதிரி 2000 வாட் சாமான்கள் அங்கே வரும் என்றால் 16 ஆம்பியர் பாயின்ட், அதற்குத் தனி வயர்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் மெரைன் ப்ளை என்கிறார், ஒருவர் எச்.டி.எச்.எம்.ஆர். போதும் என்கிறார், இன்னொருவர் எல்லாமே டபிள்யூ.பி.சி.யில் செய்தால்தான் கரையான் வராது என்கிறார். எதை நம்புவது? (வாசகர், தாம்பரம்)

மெரைன் ப்ளை தண்ணீரைத் தாங்கும் ப்ளைவுட், எச்.டி.எச்.எம்.ஆர். ஈரப்பதம் தாங்குகிற மாதிரி மர நாரை இறுக்கி அழுத்திய பலகை, டபிள்யூ.பி.சி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதை விற்கிறார்கள். சமையலறை முழுக்க ஒரே பலகையில் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

வாடகை வீடுகளில் சிங்க் அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அடிப்பலகையின் ஓரம் பொங்கி, மேலே ஒட்டிய லேமினேட் தாள் உதடு மாதிரி பிரிந்து, விரலால் அழுத்தினால் தூளாக உதிரும். அது பார்ட்டிகிள் போர்டு, மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. சிங்க் அடி, பாத்திரம் கழுவும் பக்கம், சுவரில் ஈரம் வரும் இடம், இங்கெல்லாம் அது கூடவே கூடாது. இங்கே மெரைன் ப்ளை என்கிற பி.டபிள்யூ.பி. ப்ளைவுட், அதாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது, அல்லது டபிள்யூ.பி.சி. போடுங்கள். மற்றக் கீழ்ப்பெட்டிகளுக்கு ஐ.எஸ். 303இல் வரும், ஓரளவு தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகமே போதும், ஆனால் அதே 303இல் எம்.ஆர். என்று ஒரு ரகமும் உண்டு, அது ஈரப்பதத்தைத் தாங்குமே தவிர தண்ணீரைத் தாங்காது, ஹால் ஷோகேஸுக்குத்தான் லாயக்கு. கதவுகளுக்கு எச்.டி.எச்.எம்.ஆர். நன்றாகவே வரும், வளையாமல் மட்டமாக நிற்கும். டபிள்யூ.பி.சி.யைத் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. ஆனால் நீளமான தட்டாகப் போட்டு அதன் மேல் அரிசி டப்பாவும் பருப்பு டப்பாவும் அடுக்கினால் நடுவில் தொய்யும், ஸ்க்ரூ பிடிமானமும் ப்ளைவுட் அளவுக்கு இருக்காது.

பெட்டிக்கு 18 மி.மீ. கனம் என்று எழுதி வாங்குங்கள். 8க்கு 4 ஷீட்டாக வந்து இறங்கும்போதே முத்திரையைப் பார்த்து ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுத்து லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறையிலேயே செய்து கொண்டுவருகிறார்கள் என்றால், மாட்டும் நாளில் ஹிஞ்சுக்கு, அதாவது கதவுக் கீலுக்குப் போட்ட வட்டத் துளைக்குள் எட்டிப் பாருங்கள், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளை, ஒரே மாவாகத் தெரிந்தால் போர்டு.

பழைய மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்புகள் இருக்கின்றன. மாடுலர் கிச்சன் செய்வதானால் எல்லாவற்றையும் உடைத்தாக வேண்டும் என்கிறார்கள். (வாசகி, மதுரை)

ஏன் உடைக்க வேண்டும்? கரையான் அரிக்காது, ஊறாது, உளுக்காது. நம் ஊர் சமையலறைக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. வெளியே ஃப்ரேம் அடித்துக் கதவு மட்டும் மாட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும், செலவும் நன்றாகக் குறையும்.

ஒரே சிக்கல், கல் தடுப்புகள் ஒன்றுபோல இருக்காது, ஒன்று 21 இஞ்ச், பக்கத்தில் 22, பின்னால் போகப் போகக் குறுகும். இழுப்பறை ஓடும் தடமான சானலுக்கு இது ஒத்துவராது. எங்கே இழுப்பறை வேண்டுமோ அங்கே மட்டும் தடுப்புக்குள் நுழைகிற மாதிரி ஒரு ப்ளைவுட் பெட்டி செய்து செருகி, சானலை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். தட்டு, கரண்டி, மசாலா டப்பாவுக்கு இரண்டு மூன்று இழுப்பறை போதும். கிரைண்டர், இட்லிப் பானை, அரிசி டின் எல்லாம் கல் மேலேயே சௌகரியமாக உட்காரும். மேடைக் கல்லே விரிசல் விட்டு, தடுப்பும் சாய்ந்திருந்தால் மட்டும் உடைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

நான் 4 அடி 11 அங்குலம். மேடை 34 இஞ்ச்தான் ஸ்டாண்டர்ட் என்கிறார்கள். தோள்பட்டை வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, கோவை)

நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் நாலு இஞ்ச் கழித்தால் வருவதுதான் உங்கள் மேடையின் உயரம். உங்களுக்கு 34க்குக் குறைவாகத்தான் வரும். ஸ்டாண்டர்ட் யாருக்காகவாம்? தினமும் சமைப்பது நீங்களா, ஸ்டாண்டர்டா?

இதில் இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. மேடை மேல் சாதாரண அடுப்பை வைத்தால் அதுவே நாலைந்து இஞ்ச் ஏற்றிவிடும், அதன் மேல் குக்கர், உள்ளே பார்க்க எக்க வேண்டியிருக்கும். கல்லில் பதிக்கும் ஹாப் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. பழைய அடுப்பையே வைத்துக்கொள்வதானால் அடுப்பு வரும் பகுதியை மட்டும் தாழ்த்திக் கட்டச் சொல்லுங்கள். மேல் அலமாரியின் அடிப்பகுதி மேடையிலிருந்து 2 அடிக்கு மேல் போக வேண்டாம், இல்லாவிட்டால் முதல் தட்டைத் தவிர மற்றதெல்லாம் ஸ்டூல் போட்டு எடுக்கிற சாமான் ஆகிவிடும்.

மேடைக்கு வெள்ளை குவார்ட்ஸ் போடலாமா? (வாசகி, சேலம்)

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குவார்ட்ஸில் கல் தூளைப் பிசின் சேர்த்துத்தான் பலகையாக்குகிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால் தழும்பு விழும், அது போகாது. மஞ்சள் கறையை உடனே துடைக்கவும் வேண்டும். சூட்டுக்கு அசராத கறுப்பு கிரானைட்தான் என் ஓட்டு. வெள்ளை ஆசையைச் சுவர் டைல்ஸில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்கிறார். எப்படி ஒப்பிடுவது? (வாசகர், வேலூர்)

அப்படியே ஒப்பிட முடியாது. ரன்னிங் அடி என்றால் நீளத்தை மட்டும் அளப்பது. சதுர அடி என்றால் எதன் சதுர அடி என்று கேளுங்கள். முகப்பின் நீள உயரத்தை மட்டும் அளக்கிறவர்களும் உண்டு, உள்ளே போடும் ஒவ்வொரு தட்டையும் தனியாக அளந்து கூட்டுகிறவர்களும் உண்டு. ஒரே வரைபடத்தை எல்லோரிடமும் கொடுத்து மொத்தத் தொகையை வாங்குங்கள். கூடை, சானல், ஹிஞ்ச், கைப்பிடி, பெட்டிகளின் அடியில் வரும் ஸ்கர்ட்டிங் பட்டை, பழையதை உடைத்து அள்ளும் கூலி, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் சேர்ந்ததா என்று வரி வரியாக எழுதச் சொல்லுங்கள். அப்போது பாருங்கள், குறைவாகச் சொன்னவர் கடைசி இடத்துக்குப் போயிருப்பார். மேடைக் கல் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே வராது, தனி.

கடலோரத்தில் வீடு. போன முறை போட்ட ஸ்டீல் கூடைகள் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. காந்தம் ஒட்டாத ஸ்டீல் என்று பார்த்துத்தான் வாங்கினோம். (வாசகர், நாகர்கோவில்)

காந்தச் சோதனையை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற நல்ல ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான், ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், உப்புக் காற்றுக்கு அது நிற்காது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். ஹார்டுவேர் கடைகளில் ஸ்டீல் சோதிக்கும் திரவம் ஒன்று சின்ன பாட்டிலில் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டு பேட்டரியைத் தொடவைத்தால் 202 சிவப்பாக மாறும். வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.