‘ஒன்லி’ தவறான இடத்தில் நிற்கிறது என்று சொல்லும் பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் கணினிப் பொறியியலில் சேர மறுக்கிறாள், ஆங்கில இலக்கணமே கதி என்று கிடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். “இங்கிலீஷ் படித்து யார் முன்னுக்கு வந்திருக்கிறார்கள்?” என்று அவளுடைய பெரியப்பா கேட்டுவிட்டாராம். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாம் என்று ஒரு கல்லூரியையும் அவரே பார்த்து வைத்திருக்கிறாராம். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் ஆறுதல் சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள்.

பள்ளி ஆய்வகக் கதவில் இருந்த அறிவிப்பை அவள் திருத்திய தாளை இணைத்திருந்தீர்கள். அவளுடைய மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அறிவிப்பு இதுதான்: ‘ஸ்டூடண்ட்ஸ் மே ஒன்லி யூஸ் த லேப் ஆன் சாட்டர்டேஸ்.’ இதற்கு அவள் மூன்று பொருள் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை தவிர மற்ற நாளில் ஆய்வகம் கிடையாது. சனிக்கிழமையில் ஆய்வகத்தைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம், அங்கே வேறு எதுவும் செய்யக் கூடாது. கீழே, ‘முதல் பொருள்தான் வேண்டுமென்றால் ஒன்லியை ஆன் சாட்டர்டேஸுக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும், வாக்கியத்தின் தலையில் வைத்தால், மாணவர்களைத் தவிர யாரும் வரக் கூடாது என்று ஆகிவிடும்’ என்ற குறிப்பு.

இது பொழுதுபோக்கு இல்லை, அம்மா. தமிழில் ‘மட்டும்’ என்ற சொல்லை, எதைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அதை ஒட்டியே வைக்கிறோம்: ‘சனிக்கிழமை மட்டும்’, ‘மாணவர்கள் மட்டும்’. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பெரும்பாலும் ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைக்கு அடுத்தாற்போல் போய் நின்றுகொள்கிறது. அது கட்டுப்படுத்தும் சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கும். பேசும்போது குரலை அழுத்திப் பொருளைக் காட்டிவிடலாம். எழுத்தில் குரல் ஏது? இந்த இடைவெளி அவள் கண்ணில் படுகிறது. ‘அரிதாகவே’ என்று பொருள்படும் ‘ஹார்ட்லி’ ஏற்கெனவே எதிர்மறைச் சாயல் உள்ள சொல், அதனால் ‘கான்ட் ஹார்ட்லி’ என்று எழுதக் கூடாது என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கிறாள். அது பள்ளிப்பாடம்தான். ஒன்லியைப் பற்றிய குறிப்பு அப்படியல்ல.

ஆசிரியர் வேலை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை ஆகியவற்றைப் பற்றி உறவினர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது: தொழில்நுட்ப ஆவணம் எழுதும் வேலை. ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்பது அதற்கு வழங்கும் பெயர். மென்பொருள், மருத்துவக் கருவி, விமானம், தொழிற்சாலை இயந்திரம் என்று எதைச் செய்தாலும் அதைப் பயன்படுத்தும் முறையை யாரோ எழுதியாக வேண்டும். அந்த எழுத்தில் உங்கள் மகள் திருத்திய வகைப் பிழை ஆளைக் காயப்படுத்தும். ‘ஒன்லி ட்ரெய்ன்ட் ஸ்டாஃப் மே ஓப்பன் த கவர்’ என்றால் பயிற்சி பெறாதவர் மூடியைத் திறக்கக் கூடாது. அதே ஒன்லியை ‘மே’க்குப் பின்னால் நகர்த்தினால், பயிற்சி பெற்றவர் மூடியைத் திறக்கலாம், வேறெதுவும் செய்யக் கூடாது என்றாகிறது. பயிற்சி பெறாதவருக்கான எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது.

இந்தச் சின்னச் சொற்களுக்கு உலக அளவில் விதிகளே எழுதியிருக்கிறார்கள். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிடும் தரநிலைகளில் ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி, ‘கேன்’ என்றால் இயலும் என்பது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதுபவர்களுக்கு 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறிய ஆவணம் இருக்கிறது. ‘ஷுட்’ என்று எழுதினால், தகுந்த காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவை முழுதாக எடைபோட்ட பிறகே மீற வேண்டும் என்று அது வரையறுக்கிறது. அந்தச் சொற்கள் முழுதும் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று தெளிவுபடுத்த 2017-இல் இன்னொரு ஆவணம் தேவைப்பட்டது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1986-இல் முதல் வடிவம் கண்ட எளிய ஆங்கில விதித்தொகுப்பு இன்று ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ. 100 என்று வழங்குகிறது. செயல்முறை வாக்கியம் எதுவும் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்கிறது அது. ‘மே’, ‘ஷுட்’ இரண்டையும் ஒதுக்கிவிட்டு ‘கேன்’, ‘மஸ்ட்’ என்று எழுதச் சொல்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதுதான் காரணம். சட்ட உலகமும் விலக்கில்லை. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் திருத்தி எழுதியபோது, பொருள் மயங்குகிறது என்று ‘ஷல்’ என்ற சொல்லையே களைந்தார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். பாதி நேரம் எழுத்து, மீதி நேரம் கேள்வி. பொறியாளர் ‘வால்வை மூட வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார். மூடாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத்தாளர் கேட்க வேண்டும். இயந்திரம் வெடிக்கும் என்றால் ‘மஸ்ட்’. ஓடும், ஆனால் சீக்கிரம் தேயும் என்றால் ‘ஷுட்’. அவரவர் விருப்பம் என்றால் ‘மே’. பல சமயம் பொறியாளரே அந்தக் கேள்வியை யோசித்திருக்க மாட்டார். இப்போது வாக்கியத்தைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே என்று பெரியப்பா சொல்லக்கூடும். தரட்டும். வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும் என்று உரிய ஆளைத் தேடிப்போய்க் கேட்டு, கிடைத்த பதிலுக்குப் பொறுப்பேற்று ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும்.

உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை கறாராகச் சொல்லியாக வேண்டும். ஆங்கில இலக்கியம் மட்டும் படித்துவிட்டு இந்த வேலைக்கு வர முடியும் என்று அவள் நினைத்தால் அது சரியில்லை. ஆங்கிலமோ மொழியியலோ முதன்மைப் பாடமாக இருக்கட்டும். கூடவே கணினி, உயிரியல், மின்னணுவியல் என்று ஏதாவது ஒரு துறையை அவள் விரும்பிப் படிக்க வேண்டும். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர் எழுதும் கையேடு இலக்கணச் சுத்தமாக இருந்தும் பயன்படாது. மொழியியல் துறை அருகில் இருந்தால் அதற்கே என் முதல் வாக்கு. துணைவினைகள் தரும் பொருளும், கட்டுப்படுத்தும் சொற்களின் எல்லையும் அங்கே முறையான பாடங்கள்.

பணம் பற்றி. பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்கினால் அதை அடைக்கும் காலமெல்லாம் பிடிக்காத வேலையில் அவள் இருந்தாக வேண்டும். பெரியப்பா தவணை கட்டப் போவதில்லை. ‘டெக்னிக்கல் ரைட்டிங் சான்றிதழ்’ என்று பெரிய கட்டணம் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கும் போகாதீர்கள். மேலே சொன்ன ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் இலவசம். விமானத் துறையின் எளிய ஆங்கில விதிகளையும் விண்ணப்பித்தால் கட்டணமின்றித் தருகிறார்கள். கூகுள் நிறுவனம் தொழில்நுட்ப எழுத்துக்கென்றே இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது.

கல்லூரி திறக்கும் வரை அவள் ஒரு வேலை செய்யட்டும். யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்தமூல மென்பொருள் ஒன்றை எடுத்து, அதன் கையேட்டில் ‘கேன்’, ‘மே’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ வரும் வாக்கியங்களைத் தேடிப் பார்க்கட்டும். ‘ஒன்லி’ பக்கத்தில் இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்கட்டும். பழைய வாக்கியம், புதிய வாக்கியம், மாற்றியதற்கான காரணம் மூன்றையும் எழுதி, அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட திருத்தங்கள் அவள் பெயரிலேயே பதிவாகியிருக்கும். ஏற்காதவற்றுக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் அதே கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.