வெளியூர் போகும்போது போனில் என்ன இருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்கினால் பயணச் செயலிகள் பற்றிய கேள்விகள் குவிந்துவிடுகின்றன. பலரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: பயணத்துக்கான எந்தச் செயலியையும் வீட்டில் இருக்கும்போதே இறக்கி, திறந்து, ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். ஓடும் ரயிலில் ஓடிபி வராது.

அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் சேர்ந்து ரயிலில் காசிக்குப் போகிறோம். இந்தி தெரியாது. தம்பி என் போனில் பதினைந்து செயலிகளை ஏற்றிவிட்டான். எவை உண்மையிலேயே தேவை? – வாசகி, விருதுநகர்

மூன்று நான்கு போதும், மற்றவற்றை நீக்கிவிடுங்கள். பேட்டரியாவது மிஞ்சும்.

முதலில் 'வேர் இஸ் மை ட்ரெயின்'. பெங்களூரில் உருவான இந்தச் செயலியைக் கூகுள் 2018இல் வாங்கியது. இணையம் இல்லாமலே வேலை செய்வதுதான் இதன் சிறப்பு. நீங்கள் ரயிலுக்குள் இருக்கும்போது உங்கள் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்பதை வைத்தே ரயில் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிடும். ஜிபிஎஸ்கூட வேண்டாம். நாக்பூர் தாண்டி இடார்சி, ஜபல்பூர் என்று போகும் வழியில் டேட்டா வந்து வந்து போகும். அங்கே இதன் அருமை தெரியும். தமிழிலும் இருக்கிறது, அதனால் அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுங்கள். "அடுத்த ஸ்டேஷன் என்ன?" என்று எதிர் சீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இறங்கும் இடத்தில் கவனமாக இருங்கள். அந்த ஊரில் வாரணாசி சந்திப்பு, பனாரஸ், வாரணாசி சிட்டி, காசி என்று தனித்தனி ஸ்டேஷன்கள் இருக்கின்றன. பனாரஸ் என்பது 2021 வரை மண்டுவாடி என்று இருந்த ஸ்டேஷன். சில ரயில்கள் ஊருக்குள் வராமல், கங்கைக்கு அக்கரையில் இருக்கும் தீன் தயாள் உபாத்யாயா சந்திப்போடு சரி. பழைய முகல்சராய்தான் அது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரைச் செயலியிலும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரைபடம். கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இணையம் இல்லாதபோது வண்டியில் போகும் வழியை மட்டும்தான் அது காட்டும், நடந்து போகும் வழி வராது. காசியில் கோயிலைச் சுற்றி இருப்பதோ கார் நுழைய முடியாத சந்துகள். அதனால் 'ஆர்கானிக் மேப்ஸ்' செயலியில் உத்தரப் பிரதேச வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரமும் கிடையாது. நடைபாதையை இணையம் இல்லாமலே காட்டும். நீங்கள் தங்கும் இடம் நகரத்தார் சத்திரமோ, வேறு விடுதியோ, ஊரில் இறங்கியதும் அதன் வாசலில் நின்று ஒரு குறி போட்டுவிடுங்கள். அதன்பின் எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் திரும்பிவிடலாம்.

பேச்சுக்குக் கூகுள் டிரான்ஸ்லேட். தமிழ், இந்தி இரண்டு மொழிகளையும் இறக்கி வைத்தால் எழுத்து வடிவில் இணையம் இல்லாமலும் மொழிபெயர்க்கும். வாக்கியம் குட்டியாக இருக்க வேண்டும். "எங்க அம்மாவுக்கு முட்டி வலி, அதனால ஆட்டோ கோயில் வாசல் வரைக்கும் போகுமா?" என்று நீட்டினால் சொதப்பும். "ஆட்டோ கோயில் வாசல் வரை போகுமா?" என்று மட்டும் தட்டுங்கள்.

கடைசியாக, முக்கியமாக ஒன்று. விசுவநாதர் கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டத்தில் அத்தை பிரிந்துவிட்டால் எந்தச் செயலியும் உதவாது. குடும்பத்தில் ஒவ்வொருவரின் கையிலும் தங்கும் இடத்தின் முகவரியும் இரண்டு போன் எண்களும் எழுதிய தாள் இருக்கட்டும். வெளியே வந்ததும் எங்கே சந்திப்பது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆதார் அட்டையை எடுத்துப்போக மறந்துவிடுகிறேன். போனில் உள்ள போட்டோவைக் காட்டினால் டிடிஇ ஏற்பாரா? – வாசகர், தஞ்சாவூர்

மாட்டார். ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள அரசு தரும் டிஜிலாக்கர் செயலியில், அரசுத் துறையே வழங்கிய ஆவணமாக இருக்கும் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டினால் ரயில்வே ஏற்கும். அதே செயலியில் நீங்களே ஸ்கேன் செய்து பதிவேற்றிய ஆவணம் செல்லாது. முன்பதிவில்லாத டிக்கெட்டைப் போனில் எடுத்தவர்களும் இதேபோலச் செயலியைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் போதாது.

டிக்கெட் ரத்து செய்த பணம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடிப் பேசினேன். வாட்ஸ்ஆப்பில் ஒரு செயலியை அனுப்பி, அதை ஏற்றினால் பணம் வரும் என்கிறார்கள். ஏற்றலாமா? – வாசகர், திருப்பூர்

கூடவே கூடாது. அந்த எண்ணை உடனே பிளாக் செய்யுங்கள். இப்படி வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் ஏபிகே கோப்பாக, அதாவது பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாகப் போனில் ஏற்றும் கோப்பாகப் பரவிய போலிச் செயலி ஒன்றைப் பற்றி ஐஆர்சிடிசியே 2023இல் எச்சரித்தது. ஏற்றியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்பார்கள். கொடுத்துவிட்டால் வங்கியின் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்வதும் இதே வேலைக்குத்தான்.

ரத்தான டிக்கெட்டின் பணம், நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே தானாக வரும். யாரும் உங்களிடம் கார்டு எண்ணையோ பின் எண்ணையோ கேட்கத் தேவையே இல்லை. சந்தேகம் இருந்தால் ஐஆர்சிடிசியின் 14646 எண்ணில் பேசுங்கள். ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்கள் டேட்டாவை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். நன்றாகப் படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள்.

அம்மாவுக்கு 62 வயது. கீழ் பெர்த் கிடைக்க வழி? – வாசகி, சேலம்

பெண்களுக்கு 45 வயதும் ஆண்களுக்கு 60 வயதும் ஆகிவிட்டால் கீழ் பெர்த்துக்கான ஒதுக்கீடு உண்டு. அம்மா தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் அது செல்லும். ஆறு பேரோடு சேர்த்து எடுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும், அவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தேர்வும் ஐஆர்சிடிசி செயலியில் உண்டு. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. முன்பு அது 120 நாட்களாக இருந்தது, பழைய கணக்கில் இருக்காதீர்கள்.

மகள் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவுப் பேருந்தில் தனியாக வருகிறாள். வாட்ஸ்ஆப்பில் லைவ் லொகேஷன் போட்டாலும் விடியும் முன்பே நின்றுவிடுகிறது. – வாசகர், நாகர்கோவில்

வாட்ஸ்ஆப்பில் அதிகபட்சம் 8 மணி நேரம்தான். உங்கள் ஊருக்கு அது பத்தாது. கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிரும்போது, நாமே நிறுத்தும்வரை என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் போனில் மகளின் பேட்டரி அளவும் தெரியும். புள்ளி நகராமல் நின்றால் பெரும்பாலும் டவர் இல்லாத இடமாகவோ, டீ குடிக்க வண்டி நிற்கும் இடமாகவோ இருக்கும். உடனே பதறி அடுத்தடுத்து அழைத்து அவள் சார்ஜைத் தீர்த்துவிடாதீர்கள். பேருந்தின் பதிவு எண்ணை ஏறும்போதே அனுப்பச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 112. எந்தச் செயலியும் இல்லாமல், சாதாரண பட்டன் போனிலிருந்தும் இந்த எண்ணை அழைக்கலாம்.

யாழ்ப்பாணம், கண்டி போகிறோம். நம் யுபிஐ அங்கே செல்லுமா? – வாசகர், காரைக்குடி

2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ க்யூஆர் வசதி உண்டு. உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்க வேண்டும், போனில் டேட்டாவும் வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பஸ்ஸுக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இலங்கை ரூபாய் நோட்டு கையில் இருக்கட்டும். ஆட்டோவுக்கு, அங்கே த்ரீவீலர் என்பார்கள், 'பிக்மீ' என்ற உள்ளூர்ச் செயலி இருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே காட்டிவிடும். அதில் உங்கள் எண்ணைச் சரிபார்க்கும் வேலையை இங்கிருந்தே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.