ஆர்ஃபன் ஓடை: பாதை ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம்

ஆர்ஃபன் விண்மீன் ஓடையின் (பால்வீதியின் ஈர்ப்பில் கிழிபட்டு நீண்ட பட்டையாகச் செல்லும் விண்மீன்கள்) தென்பகுதியில் கையா விண்தொலைநோக்கி தரும் வேகம் ஓடையின் நீளவாக்கில் இல்லை, கணினி மாதிரியில் பால்வீதியின் நிறையை எப்படி மாற்றினாலும் பொருந்தவில்லை என்கிறீர்கள். சூரியனின் சொந்த வேகத்தைக் கழித்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். அதன்பிறகும் விலகல் இருந்தால் காரணம் பால்வீதிக்கு அருகிலுள்ள துணை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகம்தான். சிறிய மண்டலம் என்று அதை ஒதுக்கவே முடியாது: நிறை ஏறக்குறைய 14,000 கோடி சூரியன்கள்!

மாதிரியில் மேகத்தின் நிறை முழுவதையும் ஒரே புள்ளியில் வைத்தால் அருகே வரும் விண்மீன்கள் கண்டபடி சிதறும். ஹெர்ன்குவிஸ்ட் பரவல் (மையத்தில் அடர்ந்து வெளியே போகப்போகக் குறையும் நிறைப் பரவல்) கொடுங்கள். மேகத்தை இன்றைய நிலையிலிருந்து சில நூறு கோடி ஆண்டுகள் பின்னோக்கி ஓட்டிவிட்டு, அங்கிருந்து ஓடையை முன்னோக்கி வளர்க்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: பால்வீதியின் மையத்தை அசையாமல் வைத்துவிடுகிறார்கள். அதுவும் மேகத்தை நோக்கி இழுபடுகிறது. விண்மீன் பாதைகளைக் கணக்கிடும் பைத்தான் நிரல்தொகுப்பான கேல்பையில் (galpy), நகரும் மேகத்தின் ஈர்ப்பைத் தரும் 'மூவிங் ஆப்ஜெக்ட் பொட்டென்ஷியல்' மட்டும் போதாது, பால்வீதி மையத்தின் முடுக்கத்தைக் கணக்கில் எடுக்கும் 'நான்இனெர்ஷியல் ஃப்ரேம் ஃபோர்ஸ்' கட்டாயம் சேருங்கள்.